என்.சி.சி.யில் தொடங்கிய அதிகாரிகளுக்கும் தோள் கொடுத்தவர்களுக்கும் பாராட்டு விழா: செட்டிநாட்டுக் கல்லூரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரியில் இப்படி ஒரு விழா என்று பேச்செடுத்த உடனே பொன்னாடை எத்தனை, கேடயம் எத்தனை என்றுதான் கணக்குப் போட உட்காருவோம். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். காரைக்குடிப் பக்கம் முன்னாள் மாணவர்களோடு சேர்ந்து சில விழாக்களுக்கு ஓடியாடி வேலை பார்த்த பிறகு எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. போர்த்திய பொன்னாடை அன்று ராத்திரியே பீரோவுக்குள் போய்விடுகிறது. மேடையில் அவரைப் பற்றி வாசித்த பத்து வரி மட்டும், அது சரியாக எழுதப்பட்டிருந்தால், கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு முகப்பில் மாட்டப்படுகிறது. அந்தப் பத்து வரிக்காகத்தான் மற்ற ஏற்பாடெல்லாம்.

யார் யாரைக் கூப்பிடுவது

இரண்டு பட்டியல் வேண்டும். முதல் பட்டியல், உங்கள் கல்லூரியில் காக்கி போட்டுப் பரேடு எடுத்து, பிறகு முப்படைகளில் அதிகாரியானவர்கள். இவர்களைத் தேட முகநூலை நம்பாதீர்கள். கல்லூரியின் பழைய என்.சி.சி. (தேசிய மாணவர் படை) நாமினல் ரோல் என்ற பெயர்ப்பட்டியல், அந்தப் படையின் உயர்நிலைச் சான்றிதழான 'சி' சான்றிதழ் வாங்கியவர்களின் பதிவேடு, ஆண்டு மலர்கள் ஆகிய மூன்றையும் ஒரு வாரம் உட்கார்ந்து புரட்டுங்கள். சிவகங்கையில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரியுங்கள். பெண் அதிகாரிகள் பட்டியலில் விட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். 1992 முதல் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். ஆனால் சேர்க்கைப் பதிவேட்டில் அப்பாவின் இனிஷியலோடு இருக்கும் பெயர், கல்யாணத்துக்குப் பிறகு வேறாக மாறியிருக்கும். அந்தக் காலத்துத் தோழிகளிடம் கேட்டால் ஒரே போனில் கிடைத்துவிடுவார்கள்.

இங்கே ஒரு விளக்கம் அவசியம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 1916-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஆர்.ஓ.டி.சி. என்ற திட்டம் இருக்கிறது. அதில் பயிற்சியும் பட்டமும் முடித்துத் தேர்வானவர்கள் கல்லூரியிலிருந்தே அதிகாரியாக வெளியே வருவார்கள். நம் தேசிய மாணவர் படை அப்படியல்ல. 'சி' சான்றிதழ் கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். தரைப்படையின் என்.சி.சி. சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வு கிடையாது. ஆனால் எஸ்.எஸ்.பி. என்ற படைத் தேர்வு வாரிய நேர்காணலின் ஐந்து நாளையும் தாண்டி, மருத்துவப் பரிசோதனையும் முடிந்த பிறகுதான் அகாடமிக்குள் போக முடியும். ஆகவே 'நம் என்.சி.சி. அதிகாரியாக்கியது' என்று மேடையில் சொன்னால், அந்தப் பிள்ளை தன் உழைப்பில் கடந்த பாதியை நாம் பறித்துக்கொள்கிறோம். 'இங்கே தொடங்கினார்' என்று சொல்லுங்கள். அதுவே பெருமைதான்.

இரண்டாவது பட்டியல்தான் எனக்கு நெருக்கமானது. வகுப்பு எடுத்துக்கொண்டே என்.சி.சி.யையும் சுமந்த பேராசிரியர்கள், அதாவது ஏ.என்.ஓ.க்கள். டிரில் சொல்லிக்கொடுக்க ராணுவத்திலிருந்து வந்த சுபேதார், ஹவில்தார் முதலான பி.ஐ. ஸ்டாஃப். கேம்ப் போகக் காசில்லாத பிள்ளைக்குச் சத்தமில்லாமல் கட்டிய முதல்வர். விடிவதற்கு முன்பே மைதானத்துக் கேட்டைத் திறந்த வாட்ச்மேன். பரேடு டிபனைச் சூடாகக் கொண்டு வந்த மெஸ்காரர். இவர்கள் யாருக்கும் பதக்கம் கிடையாது. இவர்களைத் தனியாக ஒரு மூலையில் 'நன்றி கூறல்' பகுதியில் முடித்துவிடாமல், கர்னல் உட்காரும் அதே வரிசையில் உட்கார வையுங்கள்.

கொடுத்தவரை மறக்காத மண் இது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. நேரு அதற்கு அடிக்கல் நாட்டியது 1948 ஜூலை 25. தேசிய மாணவர் படை பிறந்ததும் அதே ஜூலையில்தான். இந்தப் பொருத்தத்தை வரவேற்புரையில் சொல்லலாம், நன்றாக எடுபடும்.

மலேயா, பர்மா போய்வந்த குடும்பங்கள் இங்கே நிறைய. அங்கிருந்த தமிழர் பலர் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால், கல்லூரியோடு தொடர்பில்லாவிட்டாலும் முன்வரிசை அழைப்பு வையுங்கள்.

நாள் பார்ப்பது

என்.சி.சி. நாள் நவம்பர் நான்காவது ஞாயிறு. பொருத்தமான நாள்தான், ஆனால் அடைமழைக் காலம். மைதானம் சேறாகி அணிவகுப்பே நின்றுபோகலாம். முகூர்த்த மாதமும் கூட, மண்டபமும் சமையல்காரரும் சிக்க மாட்டார்கள். ஜூலை 26 கார்கில் வெற்றி நாள், அதில் வெயிலைத் தவிர வேறு சிக்கல் இல்லை. படைவீரர் நாளான ஜனவரி 14 நமக்குப் பொங்கல் வேலையில் மூழ்கிவிடும்.

என் பரிந்துரை டிசம்பர் 16. 1971 போர் வெற்றியின் நாள் அது. அநேகமாக அன்றுதான் மார்கழி பிறக்கும். மார்கழியில் கல்யாணம் இல்லை, ஆகவே சமையல் ஆள், பந்தல், வாடகை வீடு எல்லாம் சுலபமாகக் கிடைக்கும். வெளிநாட்டில் இருப்பவர்களும் டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருப்பார்கள். தேதியை உறுதி செய்யும் முன் அந்த வருஷம் பிள்ளையார் நோன்பு எந்த நாள் என்று மட்டும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அன்று சாயங்காலம் நகரத்தார் வீடுகளில் யாரும் வெளியே வர மாட்டார்கள்.

அழைப்பு

பணியில் இருக்கும் அதிகாரியை நேரடியாகப் போனில் கூப்பிட்டுத் தேதி வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அவர் தன் மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும். கல்லூரி முதல்வரின் கையெழுத்தோடு, உங்கள் என்.சி.சி. பட்டாலியன் கமாண்டிங் ஆபீசருக்கும் ஒரு பிரதி போட்டு, இரண்டு மாதம் முன்பே கடிதம் போய்ச் சேரட்டும். அணிவகுப்பு மரியாதை, கொடி, பேண்டு எல்லாவற்றுக்கும் பட்டாலியன் ஒத்துழைப்பு வேண்டும் என்பதால் அந்த அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பேசுவது நல்லது.

ஓய்வு பெற்றவர்களுக்கு நம் ஊர் முறைப்படி வீட்டுக்கே போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு அழைப்பு வையுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அவர்கள் முகத்தில் தெரியும். போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். பாராட்டுரைக்கு வேண்டிய விஷயமெல்லாம் அந்தத் திண்ணையிலேயே கிடைத்துவிடும்.

பதவியும் பதக்கமும்: தப்பு நடக்கும் இடம்

நான் வேலை பார்த்த முதல் விழாவில் கடற்படைக் கேப்டன் ஒருவர் வந்திருந்தார். ஏற்பாட்டாளர்களில் யாரோ 'கேப்டன், மேஜருக்குக் கீழே' என்று முடிவு கட்டி அவரைக் கடைசி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். கடற்படைக் கேப்டன், தரைப்படைக் கர்னலுக்குச் சமம். மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மனைவி கீழே உட்கார்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வைதான் இந்தப் பகுதியை எழுத வைக்கிறது.

கீழிருந்து மேலே சொல்கிறேன். தரைப்படைக் கேப்டனும், கடற்படை லெப்டினன்ட்டும், விமானப்படை ஃபிளைட் லெப்டினன்ட்டும் ஒரே படி. அடுத்த படி மேஜர், லெப்டினன்ட் கமாண்டர், ஸ்குவாட்ரன் லீடர். அதற்கு மேல் லெப்டினன்ட் கர்னல், கமாண்டர், விங் கமாண்டர். பிறகு கர்னல், கடற்படைக் கேப்டன், குரூப் கேப்டன். அதற்கும் மேல் பிரிகேடியர், கமடோர், ஏர் கமடோர். இதை ஒரு அட்டையில் எழுதி, நாற்காலி போடுபவர் கையிலும் தொகுப்பாளர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.

ஓய்வு பெற்றவரின் பெயரைப் பதவி, பெயர், பதக்கம், கடைசியில் 'ஓய்வு' என்ற வரிசையில் அச்சடியுங்கள். 'கர்னல் (ஓய்வு)' என்று போட்டுப் பிறகு பெயரைப் போடுவது தப்பு. ஓய்வு பெறுவது மனிதர், பதவி அல்ல. இதைப் படைக்காரர்கள் மிகவும் கவனிப்பார்கள்.

பதக்கங்களில் வீரத்துக்கு உரியவை வேறு, சேவைக்கு உரியவை வேறு. போர்க்களத்தில் பரம் வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா என்பது வரிசை. போர்க்களத்துக்கு வெளியே காட்டிய வீரத்துக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. விசிஷ்ட் சேவா பதக்கங்கள் சிறப்பான பணிக்கானவை. அதை வாங்கியவரை 'வீரப்பதக்கம் பெற்றவர்' என்று அறிவித்தால் கூச்சப்படப் போவது அவர்தான். கடற்படைக்காரரையும் விமானப்படைக்காரரையும் 'ராணுவ வீரர்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதையும் விட்டுவிடலாம்.

பாராட்டுரை எழுதுவது

இனி முக்கியமான வேலை. ஒருவருக்கு நூறிலிருந்து நூற்றிருபது சொல். நிதானமாக வாசித்தால் ஒன்றரை நிமிடம். 'நாட்டின் காவல் தெய்வம்', 'வீரத்தின் விளைநிலம்' மாதிரி வார்த்தைகளை எடுத்துவிடுங்கள். யார் பெயரை வேண்டுமானாலும் அதில் ஒட்டலாம். அவர் செய்தது என்ன, எங்கே, எந்த வருஷம் என்பது மட்டும் இருக்கட்டும்.

அரசு பதக்கம் தரும்போது எழுதும் குறிப்பைப் படித்துப் பாருங்கள். திருச்சியில் நினைவிடம் உள்ள மேஜர் சரவணனை எடுத்துக்கொள்வோம். பிகார் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர். 1999 மே மாதம், கார்கில் போரில், படாலிக் பகுதியில் பதினாலாயிரம் அடிக்கு மேல் இருந்த எதிரி நிலையைத் தாக்கினார். ராக்கெட் லாஞ்சரால் சுட்டு இருவரை வீழ்த்தினார். வயிற்றில் சிதறல் பாய்ந்த பிறகும் சண்டையை நிறுத்தவில்லை. தலையில் குண்டு பட்டு வீரமரணம் அடைந்தார். வீர் சக்ரா. இதில் ஒரு அடைமொழிகூட இல்லை. ஆனாலும் படிக்கிறவருக்குத் தொண்டை அடைக்கிறது.

போர்க்களம் பார்க்காத அதிகாரிக்கும் இதே முறைதான். பனிமலையில் ரோடு போட்டாரா, வெள்ளத்தில் படகு ஓட்டினாரா, ராணுவ மருத்துவமனையில் ஆபரேஷன் செய்தாரா என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். 'எல்லாரும் செய்யுறதுதான் தம்பி' என்பார்கள். 'உங்ககூட இருந்த ஜவான்கள்ல இன்னிக்கும் உங்களுக்குப் போன் பண்றவர் யாருங்கய்யா?' என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு அந்தக் கேள்வி ஒரு முறைகூடப் பொய்க்கவில்லை.

தோள் கொடுத்தவர்களுக்கு எழுதுவதுதான் கஷ்டம், காகிதத்தில் ஒன்றுமே இருக்காது. நேரில் போய் உட்கார வேண்டும். எங்கள் விழா ஒன்றில் இஸ்திரி போடுகிற பெரியவர் ஒருவரை மேடையேற்றினோம். கேம்புக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டல் பிள்ளைகளின் காக்கி உடுப்புக்குக் கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் தேய்த்து, காசு அப்புறம் தந்தால் போதும் என்று பல வருஷம் செய்தவர். சட்டைக் கையில் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். மணிக்கட்டுக்கு உள்பக்கம் பெட்டி பட்ட பழைய தழும்பு ஒன்று அவருக்கு உண்டு. பாராட்டுரையில் 'ஒரே ராத்திரியில் இருபத்திரண்டு உடுப்பு' என்று வாசித்தோம். அவர் தொகுப்பாளர் பக்கம் சாய்ந்து, மைக்கில் விழுகிற மாதிரியே சொன்னார்: 'இருபத்திநாலுங்க தம்பி. ரெண்டு பேரு விடியக்காலம்தான் கொண்டாந்தாங்க.' முன்வரிசையில் இருந்த கர்னல் எழுந்து நின்று கைதட்டினார். அந்த இருபத்துநாலில் ஒன்று அவருடையது.

அது அழகாக முடிந்துவிட்டது, ஆனால் தப்பு எங்களுடையதுதான். அன்று முதல், எழுதியதை விழாவுக்கு ஒரு வாரம் முன்பே உரியவரிடம் வாசித்துக் காட்டிச் சரிபார்க்கிறோம். பணியில் இருப்பவர் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. அவர் இப்போது எந்த யூனிட்டில், எந்த இடத்தில் இருக்கிறார் என்பது மேடையிலோ பேனரிலோ வரக்கூடாது. நேரலை போடுவதாக இருந்தால் அதற்கும் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள்.

இடம்: மைதானமும் வளவும்

வெளியூர் விருந்தினர் வருகிறார்கள் என்றதும் பெரிய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதன் உள்முற்றமான வளவிலேயே விழாவை வைக்க ஆசை வரும். பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் பார்க்க அழகுதான். ஆனால் அந்த வீடுகளுக்குள் செருப்போடு நுழைய முடியாது. சீருடையில் வருபவரிடம் பூட்ஸைக் கழற்றச் சொல்வது முறையல்ல. தண்ணீர் பட்ட ஆத்தங்குடித் தரை வழுக்கும், உயர்ந்த நிலைப்படி தடுக்கும், எண்பது வயதுக்காரருக்கு இரண்டுமே ஆபத்து.

ஆகவே விழாவை இரண்டாகப் பிரியுங்கள். அணிவகுப்பும் மரியாதையும் பாராட்டுரையும் கல்லூரியில். மதியச் சாப்பாடும் பேச்சும் வேட்டி சட்டையில், வளவில். காலை ஏழரைக்கே அணிவகுப்பை முடித்துவிடுங்கள். வெயிலில் வெறும் வயிற்றோடு நிற்கும் கேடட்கள் மயங்கி விழுவதை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. அவர்களுக்கு முதலில் டிபன் போட்டுவிட்டு வரிசையில் நிறுத்துங்கள்.

தெரிந்தவர் வீட்டு விசேஷம் மாதிரி அதிர்வேட்டு போட வேண்டாம். குண்டுச் சத்தத்தில் காது போனவர்களும், சத்தம் கேட்டால் உடம்பு பதறுபவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். நாதஸ்வரமும் தவிலும் போதும்.

மேடை வரிசை

சிறப்பு விருந்தினர் வண்டியிலிருந்து இறங்கியதும் இரண்டு கேடட்கள் முன்னால் நடந்து பைலட்டிங் செய்து அழைத்து வருவார்கள். அணிவகுப்பு மரியாதை முடிந்ததும், வீரமரணம் அடைந்தவர்களுக்கு மலர்வளையம், இரண்டு நிமிட மௌனம். இதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். அவர்கள் குடும்பத்தாரை மேடைக்கு ஏறி வரச் சொல்லாமல், விருந்தினரை அவர்களிடம் இறங்கி வரச் சொல்லுங்கள். மகனின் பதக்கத்தை அம்மா அணிந்து வந்தால் அது வலது மார்பில் இருக்கும், அதுதான் முறை. தெரியாமல் 'இடதுபக்கம் மாத்திக் குத்துங்கம்மா' என்று யாரும் சொல்லிவிடக்கூடாது.

தமிழ்த்தாய் வாழ்த்தோடு அரங்க நிகழ்ச்சி தொடங்கும். 2021 டிசம்பர் அரசாணைப்படி அது மாநிலப் பாடல், முடிந்தவர்கள் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். மேடையில் தேசியக் கொடி, பேசுபவரின் வலதுகைப் பக்கம் நிற்கட்டும். மேசை விரிப்பாகவோ, கல்வெட்டைத் திறக்கும் திரையாகவோ அதைப் பயன்படுத்தக் கூடாது. செம்மை, கருநீலம், வெளிர்நீலம் கொண்ட என்.சி.சி. கொடிக்குத் தனிக் கம்பம் வையுங்கள்.

வரவேற்பு ஐந்து நிமிடம். பிறகு நேராகப் பாராட்டுரைகள். ஒரு அதிகாரி, ஒரு தோள் கொடுத்தவர் என்று மாற்றி மாற்றிக் கூப்பிடுங்கள். கூடுமானால் அந்த அதிகாரிக்கு இங்கே பயிற்சி தந்த ஏ.என்.ஓ.வையே அவருக்கு அடுத்துக் கூப்பிடுங்கள். வாசிப்பது இப்போதைய கேடட்களாக இருக்கட்டும், முந்தின நாள் மைக் வைத்து இரண்டு முறை ஒத்திகை பாருங்கள். சீருடையில் இருப்பவருக்கு மாலை போடாமல், பொன்னாடையை மடித்தபடி கையில் கொடுங்கள். தலைமையுரை எல்லாவற்றுக்கும் பின்னால், பத்து நிமிடத்துக்குள். 52 விநாடி தேசிய கீதத்தோடு நிறைவு.

பரிசு, சாப்பாடு, பணம்

கண்ணாடிக் கேடயம் வேண்டாம். சட்டம் போட்ட பாராட்டுரை, ஒரு செட்டிநாட்டு ஓலைக் கொட்டான், அதற்குள் கொஞ்சம் மனகோலமும் அதிரசமும். குடும்பத்துப் பெண்களுக்குக் கண்டாங்கிச் சேலை கொடுக்கலாம். புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ச் சேலை அது. சாப்பாட்டில் வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் இருந்தால் வெளியூரில் வாழும் பிள்ளைகள் மனம் நிறைந்து போவார்கள்.

பணத்துக்கு ஊர்க் கோயில் முறையே உதவும். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு என்று நகரத்தார் பிரிப்பது போல, முன்னாள் கேடட் ஒருவருக்கு ஒரே தொகை என்று வையுங்கள். துபாயில் இருப்பவரும் தேவகோட்டையில் டியூஷன் எடுப்பவரும் ஒரே அளவு. அதிகம் தர விரும்புகிறவர் பேர் போடாமல் கேம்ப் நிதிக்குத் தரட்டும். வரவு செலவை ஒரு மாதத்துக்குள் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்.

விழா முடிந்த பிறகு

வாசித்த பாராட்டுரை எல்லாவற்றையும் ஒரே அளவுத் தாளில் அச்செடுத்துக் கட்டி, ஒரு பிரதி கல்லூரி நூலகத்துக்கு, ஒன்று பட்டாலியனுக்கு, ஒன்று என்.சி.சி. அறைக்கு. அறைச் சுவரில் பெயர்ப்பலகை வைத்தால் அதிகாரிகளுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று பிரிக்காமல், வருஷ வாரியாக ஒரே பலகையில் எழுதுங்கள். கீழே நிறைய வெற்றிடம் விட்டு வையுங்கள். போட்டோக்களைப் பத்து நாளைக்குள் பிரிண்ட் போட்டு அனுப்புங்கள். போனில் பார்க்கத் தெரியாத பெரியவர்களுக்குக் கேடட்களே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். வர முடியாமல் போனவர்களுக்கும் பாராட்டுரையைச் சட்டம் போட்டு வீட்டிலேயே கொடுத்து, அங்கேயே ஒரு முறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

போகும்போது நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். 'இன்னும் யாரை விட்டுட்டோம்?' என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டால், அடுத்த வருஷத்துப் பட்டியல் அங்கேயே எழுதப்பட்டுவிடும்.